பன்னிரண்டு மூடிகள்

கண்ணாடிக்காரர் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். திமிர் பிடித்தவர் என்று ஊரில் பேச்சு. திமிரெல்லாம் ஒன்றும் இல்லை, குமட்டல்தான். கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு வீட்டுக் குளியலறையின் மேல்மூலையையும் எட்டிப் பார்த்தவருக்கு, அந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து சிரித்துப் பேச முடியாமல் போய்விட்டது.

பார்த்ததெல்லாம் அப்படி. ஒரு வீட்டில் குளிர்காற்று வருகிறது என்று புகைக்குழாய்க்குள் அழுக்குக் காலுறையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் சாக்கடைக்குப் போட வேண்டிய பிளாஸ்டிக் குழாயைப் புகைக்குப் போட்டு, அது உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. விட்டுப்போன இணைப்பைப் பாவாடை நாடாவால் கட்டியிருந்த வீடு ஒன்று. அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேராகக் குழாயை நீட்டிவிட்டு, வேண்டுமானால் அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளட்டும் என்று சொன்ன புண்ணியவானும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். உங்களுக்கு எலும்புதான் மிஞ்சும் என்பாள் மனைவி.

அவர் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஹீட்டரின் தலையிலிருந்து கிளம்பும் குழாய் மேல்நோக்கியே போக வேண்டும், எங்கேயும் கீழே சாயக் கூடாது. வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். இணைப்புகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கித் திருகாணியால் பிடித்திருக்க வேண்டும். குழாயின் வாய் வெளியே, திறந்த வெளியில், ஜன்னல்களை விட்டுத் தள்ளி முடிய வேண்டும். அறைக்குள் காற்று வரக் கீழே ஒரு வழி வேண்டும். இதற்கு மனசு வராதவர்கள் டைல்ஸில் ரோஜாப்பூ தேடி நாலு கடை ஏறி இறங்குகிறார்கள் என்று பொருமுவார்.

பட்டப்பெயர் வந்த கதை எளிது. கதவு ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரை ஐந்து நிமிடம் எரியவிட்டு, அதன் தலைப்பக்கத் திறப்பின் ஓரத்தில் ஒரு கைக்கண்ணாடியைப் பிடிப்பார். கண்ணாடி பளிச்சென்று இருந்தால் புகை குழாய் வழியே ஒழுங்காக வெளியேறுகிறது. ஆவி படிந்து மங்கினால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. அந்தப் புகையில் உள்ள விஷத்துக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டே ஆள் போய்விடுவான். அதனால் கண்ணாடி மங்கினால் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். கேஸை மூடிவிட்டுச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு நடையைக் கட்டுவார். சொந்த மைத்துனர் வீட்டிலேயே ஒட்டியிருக்கிறார். மைத்துனர் நாலு வருஷம் பேசவில்லை. நிம்மதி என்றார் கண்ணாடிக்காரர்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஓரிடத்தில் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமல் விட்டார். அது சம்பந்தியின் கட்டடம்.

மகளைக் கட்டிக்கொடுத்த இடம் அது. சம்பந்தி நாலு மாடியில் பன்னிரண்டு வீடுகள் கட்டி, மேல்மாடியில் ஒன்றைத் தனக்கும், மூன்றாவது மாடியில் ஒன்றை மகன் மருமகளுக்கும் வைத்துக்கொண்டு, மீதியை வாடகைக்கு விட ஏற்பாடு செய்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன் சோதனைக்குப் போன கண்ணாடிக்காரரைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது சோபாவில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு படிவங்களும் மேஜையில் தயாராக இருந்தன. பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஏணி போட்டு ஏறிச் சோதித்தால், உன்னை நம்பவில்லை என்று சொன்ன மாதிரி ஆகாதா? பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். வெளிச்சுவரில் மாடிக்கு மூன்றாகப் பன்னிரண்டு புகைக்குழாய் மூடிகள் வரிசை பிசகாமல் மின்னின. கையெழுத்துப் போட்டார். பழரசம்கூடக் குடித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மகள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, குளித்துவிட்டு வந்தால் தலை பிளக்கிறது, கால் தள்ளாடுகிறது என்றாள். அவளுக்கு ஐந்தாவது மாதம். மாசமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். கண்ணாடிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார்.

மகளையும் மாப்பிள்ளையையும் பால்கனியில் நிற்க வைத்துவிட்டு ஹீட்டரை எரியவிட்டார். கண்ணாடியைப் பிடித்தார். உடனே மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடியும் மங்கியது. கேஸை மூடி, ஜன்னல்களைத் திறந்து, நாற்காலி போட்டு ஏறி, அலங்காரக் கூரையின் பலகை ஒன்றை நெட்டித் தள்ளினார்.

புகைக்குழாய் பலகைக்கு மேலே ஒரு முழம் போய், வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நின்றிருந்தது. கரியும் ஈரமும் குழைந்து சுற்றிலும் பிசுபிசுத்தது. கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. எதிரே குறுக்கு விட்டம். அதைத் துளைக்க வேலையாளுக்கு வலித்திருக்கிறது, குழாயை அப்படியே விட்டுவிட்டான். பால்கனி ஓரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். கையோடு வந்தது. பின்னால் ஓட்டை இல்லை, வெறும் சிமெண்டுச் சுவர். கண்துடைப்புக்காக ஒட்டிய மூடி அது. பன்னிரண்டும் அதே கை வேலை.

அவருக்கு அருவருத்தது. கரப்பானைப் பார்த்து இல்லை. அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்த தன்னை நினைத்து.

மகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள் என்று மாப்பிள்ளையை விரட்டினார். அதற்குள் சத்தம் கேட்டுச் சம்பந்தி இறங்கி வந்துவிட்டார், கையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தோடு. விஷயத்தைக் கேட்டு அவர் அதிரவில்லை. விட்டத்தில் ஓட்டை போட வேண்டாம் என்று தானே சொன்னதாகவும், சூடான புகை எப்படியும் எங்காவது போய்விடும் என்று மேஸ்திரி சொன்னதாகவும் சாவகாசமாகச் சொன்னார். ஒவ்வொரு சுளையாக வாயில் போட்டு, விதையை உள்ளங்கையில் துப்பி, அந்தக் கையாலேயே கண்ணாடிக்காரரின் தோளைத் தட்டினார். சட்டையில் ஈரம் ஒட்டியது. சட்டையையே கழற்றி எறியலாம் போலிருந்தது அவருக்கு.

"நம்ம பிள்ளைங்க வீட்டை நாளைக்கே சரி பண்ணிடலாம் சம்பந்தி. மத்ததை மெதுவா பாத்துக்கலாம். வெளிய தெரிஞ்சா எனக்கு மட்டுமா அசிங்கம்? பன்னெண்டு பேப்பர்லயும் உங்க கையெழுத்து இருக்கு."

பயமுறுத்துகிற குரல்கூட இல்லை. உறவு கொண்டாடுகிற குரல். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. ஆனால் சொன்னது உண்மை. வெளியே சொன்னால் வேலை போகும், உரிமம் போகும், வழக்கு வரும். மகள் வாழ வேண்டிய வீட்டிலும் அவளுக்கு முகம் இருக்காது. வாயை மூடிக்கொண்டால் எல்லாம் மிச்சம். மற்ற வீடுகளில் குடியிருப்பவர்களின் உயிரைத் தவிர.

கண்ணாடிக்காரர் கீழே இறங்கி, தன்னிடமிருந்த சாவியால் கேஸ் பெட்டியைத் திறந்து, கட்டடம் முழுவதற்குமான வால்வை மூடிப் பூட்டினார். சிவப்புச் சீட்டை எழுதி ஒட்டினார். மேலதிகாரிக்குப் போன் போட்டு, பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டதாகத் தன் வாயாலேயே சொன்னார்.

மகள் காரில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி வச்சுப் பாத்தீங்க. என் வீட்டை மட்டும் ஏம்ப்பா பாக்கல?"

"மரியாதைக்காகம்மா" என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலேயே கசந்தது. மகள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு ஏறிக் கதவைச் சாத்தினாள். கார் போய்விட்டது. மேலே பால்கனியில் சம்பந்தி யாருடனோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் முதல் மாடிக்குப் படியேறினார். முதல் வீட்டு மணியை அழுத்தினார். தலையில் ஈரத் துண்டோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். பின்னால் ஏழு வயசுச் சிறுமி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். கேஸ் ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்தவளை அவர் கையமர்த்தினார். ஹீட்டரின் புகை வீட்டுக்குள்ளேயே நிற்கிறது, விஷம், குழந்தையோடு உடனே வெளியே வாருங்கள், டாக்டரிடம் போங்கள் என்று படபடவென்று சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உங்க வீட்டைப் பாத்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் நான்தான்மா. பாக்காமலே போட்டுட்டேன்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. குழப்பத்தோடு தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவளுக்குக் குளிச்சதும் வாந்தி வருதுன்னு ஹவுஸ் ஓனர்கிட்ட முதல்லயே சொன்னேங்க. அவர் உங்க கையெழுத்தைக் காட்டினாரு. கண்ணாடிக்காரர் பாத்ததுன்னா பயமே இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்து வச்சுதான் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம்தான் சாத்த ஆரம்பிச்சேன்."