சரிவுல நின்னு வித்த ஹேண்டில்

பைக் ஹேண்டில் விக்கிற தொழில்ல கைக்கு வேலை கொஞ்சந்தான், வாய்க்குத்தான் ஓவர்டைம். கடையில நின்னு பொழைக்கிற உங்களுக்கு இது தெரியும்; தெரியாதத தெரிஞ்ச மாதிரி நீங்களும் ஒரு நாளாவது சொல்லியிருப்பீங்க. நான் மலைப் பக்கத்து ஓப்பநாயக்கவுல, மெயின் ரோட்டுலருந்து ஏறுற மேட்டுல இருக்கிற ஒரு பைக் சாமான் கடையில ஏழு வருஷமா நிக்கிறேன். தூரம் போறவங்களுக்கு பைக்கோட வந்த ஹேண்டிலக் கழட்டிட்டு, உடம்புக்குத் தோதா வேற ஒண்ணு பாத்துக் குடுக்கிறது என் வேலை. மாட்டுறது மெக்கானிக் சுனில் பாஸ். எழுத உக்காந்தா பெருமைப்பட ஒண்ணும் வரல, வெக்கப்பட்டதுதான் வரிசையா வருது.

வாசல் கேட்ட கேள்வி

தோட்டத்து மேல் டிவிஷன்ல இருந்து செல்வகுமார்னு ஒருத்தர் வந்தாரு. தேயிலை பெக்டரியில வேலை. கூட்டாளிங்களோட கதிர்காமம் போகணும், தோள் வலிக்காத ஹேண்டில் வேணும்னாரு. "தோள் விரிஞ்சு உக்காந்தாத்தாண்ணே வலிக்காது"ன்னு இருக்கிறதுலயே அகலமானத எடுத்து நீட்டுனேன். அவரும் சிரிச்ச முகமா மாட்டிக்கிட்டுப் போனாரு.

தோட்டத்து லய வீடுகள்ல பைக்க எங்க வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் லயத்துல பொறந்தவன்தான். முன்னால வராந்தா மாதிரி தகரம் அடிச்ச இஸ்தோப்பு, அதுக்கு ஒரு ஒடுங்கின கதவு, அதுக்குள்ளதான் பைக். அத யோசிக்காமலே வித்துட்டேன். மறுநாள் காலையில அவரோட சம்சாரம் கொழுந்து பறிக்கப் போறத விட்டுட்டு கடைக்கே வந்துட்டாங்க. பைக் மழையில நனைஞ்சு கெடக்குதாம். சத்தம் போடல. நாலு பேருக்கு முன்னால நிதானமாத்தான் சொன்னாங்க:

"ஹேண்டில் நல்லாத்தான் இருக்குங்க தம்பி, நீங்களே வந்து எங்க வாசலக் கொஞ்சம் அகலமாக்கிக் குடுத்துட்டுப் போங்க."

நான் போகாத ஊரு

அதோட புத்தி வந்திருக்கணும். வரல.

தயாபரன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்க ஒரு கந்தோர்ல கிளார்க், தனியா ரூம் எடுத்து இருக்காரு. பொஞ்சாதி பிரசவத்துக்காக ஊர்ல தாய் வீட்டுல. புள்ள பொறந்த சேதி வந்ததும் பைக்லயே போயிரணும், பழைய ஹேண்டில் தாழ்வா இருக்கு, முதுகு பிடிக்குதுன்னாரு. கடை முன்னால மேட்டப் பாத்து பைக்க நிறுத்தி அவர உக்கார வச்சு, மூணு ஹேண்டில் வச்சுப் பாத்தோம். மூணாவது உயரமானது, நெஞ்சுப் பக்கமா நல்லா வளைஞ்சு வரும். அதப் பிடிச்சதும் முதுகு நிமிந்துச்சு. ஆனாலும் ஒரு யோசனை அவருக்கு. பத்து மணித்தியாலம் இத பிடிச்சிருக்க ஏலுமோன்னு கேட்டாரு.

தெரியலன்னு சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லு வாயில வர மாட்டேங்குது பாருங்க. "இதே ஹேண்டில்லதான் சேர் நான் யாழ்ப்பாணம் போய்ட்டு வந்தேன், கை நோகவே இல்ல"ன்னு சொல்லிட்டேன். நான் பைக்ல பக்கத்து டவுன் பெல்மதுளையத் தாண்டினவன் இல்ல. அவர் முகம் அப்படியே தெளிஞ்சுருச்சு.

"உண்மையோ தம்பி? போய் வந்த ஆள் சொன்னா எனக்கு அது காணும்."

பாஸோட கணக்கு

சுனில் பாஸ் நீளமான கிளட்ச் கேபிள் போட்டு, ஹேண்டில முறுக்கிப் பாத்து, தயாபரன் சேர அனுப்பி வச்சாரு. பாஸுக்குத் தமிழ் பாதிதான் வரும், தம்பின்னு கூப்பிடறதுக்கே சிங்களத்துல மல்லின்னுதான் வரும், ஆனா காது முழுசாக் கேக்கும். துணியில கையத் துடைச்சிக்கிட்டே என்னப் பாத்தாரு:

"மல்லி, நீங்க யாழ்ப்பாணம் போனது எந்த நாள்? அந்த நாள் கடை தொறந்தது யாரு?"

தூக்காத புள்ள

ஒரு மாசங்கழிச்சு சேர் வந்தாரு. கையில எங்களுக்கு ஒரு பெட்டி பனங்கட்டி. பொம்பளப் புள்ளயாம். சந்தோஷத்துல நான்தான் கேட்டேன், "புள்ளையத் தூக்கினீங்களா சேர்?"

அவர் ரெண்டு கையையும் விரிச்சு மூடிப் பாத்துக்கிட்டாரு. வவுனியா தாண்ட முன்னமே விரல் விறைச்சுட்டதாம். மணிக்கட்டு மடங்கியே இருந்துச்சாம், நெஞ்சுல காத்து வேற அடிச்சு இழுத்துச்சாம். வீட்டுக்குப் போய் இறங்கினதும் மாமியார் புள்ளைய நீட்டுனாங்க. எங்க நழுவிடுமோன்னு பயந்து, கையப் பின்னால கட்டிக்கிட்டாராம். அக்கம்பக்கத்து ஆளுங்க எல்லாம் தூக்குனதுக்கு அப்புறம், அடுத்த நாள்தான் தகப்பன் தூக்கியிருக்காரு.

ஏசியிருந்தாத் தாங்கியிருப்பேன். அவருக்கு என் மேல சந்தேகமே இல்ல. டொக்டர்கிட்ட வேற காட்டியிருக்காரு. தாழ்ந்த குரல்ல கேட்டாரு:

"தம்பி, நீங்கள் போகேக்க உங்களுக்கும் இப்பிடி விறைச்சதோ, இல்லாட்டி என்ர உடம்பிலதான் ஏதும் பிழையோ?"

பிளேன்டி கிளாஸ்

"நான் போகல சேர்"னு சொன்னேன். பெல்மதுளை வரைக்குந்தான் போயிருக்கேன்னும் சொன்னேன். அதுக்கு மேல நிமிந்து பாக்க முடியல.

பாஸ் குடிச்சிக்கிட்டிருந்த பிளேன்டி கிளாஸ பைக்குக்குப் பக்கத்துல தரையில வச்சாரு. தேத்தண்ணி ஒரு பக்கம் விளிம்பத் தொட்டுச்சு, மறுபக்கம் விரல் கடை இறங்கி நின்னுச்சு. ஏழு வருஷமா நின்ன எடம், எங்க காலுக்கு அது சமதரைதான். பைக் மூக்க மேல தூக்கிக்கிட்டு நிக்கிறப்போ ஆளு பின்னால சரியிறாரு. கிட்ட வர்ற ஹேண்டில்தான் சொகமாத் தெரியும். மட்டமான ரோட்டுல அதே ஹேண்டில் கைய மடக்கி நெஞ்சோட இடிக்கும். எங்க மலை ரோட்டுல ஓடுறவங்க யாரும் இதச் சொல்லி வரல. யாழ்ப்பாண ரோட்டுல ஏத்தம் எங்க இருக்கு?

மூணு பேரும் பைக்க கோயிலுக்குப் பின்னால இருக்கிற வொலிபோல் கிரவுண்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போனோம். பாஸ் மறுபடியும் கிளாஸ வச்சுப் பாத்துட்டுத் தலையாட்டுனாரு. அன்னைக்கு சேர் வேணாம்னு தள்ளின ரெண்டாவது ஹேண்டில்தான், கொஞ்சம் தாழ்ந்தது, இப்ப அவர் கைக்கு வந்து உக்காந்துச்சு. அங்கேயே மாட்டி, கிரவுண்டச் சுத்தி நாலு தரம் ஓட்டிட்டு வந்து நிறுத்துனாரு. "மன்னிச்சுக்கங்க சேர்"னேன். ஹெல்மெட் பட்டியப் பூட்டிக்கிட்டே சொன்னாரு:

"வாற சனிக்கிழமை நான் ஊருக்குப் போறன், நீங்களும் பின்னால ஏறுங்கோ தம்பி, யாழ்ப்பாணம் போனனான் எண்டு சொன்னது பொய்யாய்க் கிடக்க வேண்டாம்."

போனேன், பத்து மணித்தியாலம் பின்சீட்டுல இருந்தும் என் கை விறைக்கவே இல்ல, ஆனா அந்த வீட்டுல புள்ளைய என்கிட்ட நீட்டுனப்போ கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னது நான்தான்.