'கட்' சொன்ன கேஸ் ஃபிட்டர்

கும்மிடிப்பூண்டி கம்பெனி கேன்டீன்களுக்கு கேஸ் லைன் போடுவதுதான் என் தொழில். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் ஒரு டிவி சமையல் போட்டிக்காக, காக்களூர் தொழிற்பேட்டையில் சும்மா கிடந்த ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். சீசன் முழுக்க அடுப்புகளைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். ஷூட்டிங் என்றதும் பல்லை இளித்துக்கொண்டு போனேன். செட்டைப் பார்த்ததும் அந்த இளிப்பு போய்விட்டது.

தெர்மோகோல் சுவர், பிளைவுட் அடுப்பு மேடைகள், தலைக்கு மேலே அனலடிக்கும் லைட்டுகள். சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்தி ஷட்டரையும் இறக்கிவிடுவார்கள். அதற்குள்ளே எட்டு அடுப்பு. சிலிண்டர்களும் மெயின் வால்வும் மட்டும் வெளியே, பின்சுவரை ஒட்டி.

டைரக்டர் "கட்" என்றால் போட்டிக் கடிகாரம் நிற்கும். சமைப்பவர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அடுப்பைவிட்டுப் பின்னால் வர வேண்டும். கடிகாரம் நின்றாலும் குழம்பு வெந்துகொண்டே இருக்கிறதே என்று ஒருவர் கிளப்ப, "கட்" விழுந்ததும் நான் மெயினை மூட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கேஸ் வேலை தெரிந்தவன் தலையில் அடித்துக்கொள்வான். மெயினை மூடினால் தீ அணையும், அடுப்புத் திருகு திறந்தே இருக்கும். மறுபடி மெயினைத் திறந்தால் தீயில்லாமல் கேஸ் கொட்டும். சொல்லிப் பார்த்தேன்.

"இன்னாப்பா பேஜாரு பண்ற! திருகெல்லாம் ஒவ்வொண்ணா மூடிக்கினு, அப்பால மெயினத் தொற," என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர் சேகர்.

பயந்து பயந்தே நாள் ஓடியது. ஒருநாள் நடுவில் ஒரு லைட் போய்விட்டது. "கட்." மெயினை மூடிவிட்டு உள்ளே வந்து, திருகுகளை மூடிக்கொண்டிருந்தேன். பாதிகூட முடியவில்லை. அதற்குள் லைட் சரியாகி, டைரக்டர் "ரோலிங்" என்று கத்திவிட்டார். ரோலிங் என்றால் கேமரா ஓடுகிறது, யாரும் வாயைத் திறக்கக்கூடாது. கேமராவில் விழாமல் இருக்க ஒரு மேடைக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

வெளியே நின்ற சேகர், நான் மெயினைத் திறக்க மறந்துவிட்டதாக நினைத்து, அவரே திறந்துவிட்டார்.

தரையோடு தரையாக இருந்ததால் வாடை முதலில் எனக்குத்தான் வந்தது. கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். நின்றவர்களுக்கு மசாலா மணம் மட்டும்தான். தலையைத் தூக்கினேன். பழவேற்காட்டிலிருந்து போட்டிக்கு வந்திருந்த மெஹருன்னிசா, இறால் சட்டிக்கு அடியில் தீ இல்லாததைப் பார்த்து, லைட்டரைக் கையில் எடுத்திருந்தாள்.

கேஸ் என்று கத்தினால் பதற்றத்தில் யார் எந்த சுவிட்சைத் தட்டுவார்களோ? வாயில் வந்தது ஒன்றுதான்.

"கட்!"

பதினாறு கைகளும் மேலே போயின. மெஹருன்னிசாவின் கை லைட்டரோடு போனது.

"எவன்டா அது? கட் சொல்ல நீ யாரு?" என்று டைரக்டர் பாய்ந்து வந்தார்.

"கேஸ் சார். எந்த சுவிட்சையும் தொடாதீங்க. எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மோட்டாரைப் போடாமல் ஷட்டரைக் கையாலேயே தூக்கினார்கள். மெஹருன்னிசா மட்டும் நகரவில்லை. தூக்கிய கையில் லைட்டர், அதன் மேல் கட்டைவிரல்.

"அமுக்காதம்மா. அப்டியே எங்கிட்ட குடு."

கொடுத்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பின்பக்கம் ஓடி மெயினை மூடினேன். "நல்லதுக்குத்தாம்பா தொறந்தேன்," என்று சேகர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரோட்டில் மெஹருன்னிசா அழுதுகொண்டிருந்தாள். "இன்னாண்ணே, நா இன்னா தப்பு பண்ணேன்? அவுட் ஆக்கிட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப டைம் மொதல்லேர்ந்து குடுப்பாங்களாண்ணே?" என்றாள்.

அன்றிலிருந்து மெயினை மூடினால் கைப்பிடியைக் கழற்றி என் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். மூடியவன்தான் திறக்க வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். எந்த வேலையிடத்திலும் எல்லோரையும் சட்டென்று நிறுத்துகிற சொல் ஒன்று இருக்கும். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அப்புறம் உங்களைத் திட்டுவதற்காவது ஆள் உயிரோடு இருப்பார்.