கூப்பிட்டால் வருகிற செலோக்காரி

நிலாணி வேலையை விட்டுவிட்டாளாம் என்று எனக்குச் சொன்னவர் இராஜரட்ணம் அண்ணை. மில்லிக்கன் பக்கத்துக் கடையொன்றில் கொத்து ரொட்டிக்காகக் காத்து நின்ற இடத்தில் சொன்னார். அவருக்குச் சொன்னது அவருடைய மனைவி. மனைவிக்கு யார் சொன்னார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.

"உந்தப் பெரிய வயலினைத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச பிள்ளைதானே? விட்டிட்டாளாம். நல்லதுதான். இனியாவது ஒரு வேலையைப் பாக்கட்டும்."

"வேலையை விட்டிட்டாள் எண்டுறியள், இனி வேலையைப் பாக்கட்டும் எண்டுறியள். ரெண்டிலை எது, அண்ணை?"

"உது வேலையோ, தம்பி?" என்று சிரித்துவிட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நிலாணி என் சித்தியின் மகள். கனடாவுக்கு வந்த முதல் வருடம் மார்க்கம் நகரில் அவர்கள் வீட்டு பேஸ்மென்டில்தான் நான் இருந்தேன். என் தலைக்கு மேலே அவள் அந்தப் 'பெரிய வயலினை', செலோவை, வாசிப்பாள். முழுதாக ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. ஒரு சின்னத் துண்டை மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக, பிறகு பிழைத்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப. இசைக்குழுவில் ஆள் எடுக்கும் தேர்வில் அப்படியான துண்டுகளைத்தான் கேட்பார்களாம். அவள் வாசித்து முடித்த பிறகும் என் காதுக்குள் அது போய்க்கொண்டிருக்கும்.

ஆசைப்பட்டு எடுத்த வாத்தியமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியம் கொடுத்த அன்று அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் போனபோது வயலின் எல்லாம் முடிந்து, அவளைவிட உயரமான செலோ ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இரண்டு கிழமையில் அவளை அதிலிருந்து பிரிக்க முடியாமல் போய்விட்டது. பல்கலைக்கழகத்திலும் இசையே படித்தாள். சித்தப்பா அதைச் சொந்தக்காரருக்கு வெகுகாலம் 'சயன்ஸ்' என்றே சொல்லிவந்தார்.

படித்து முடித்ததும் கல்யாண வீடுகளில் வாசித்தாள், நாடகக் கொட்டகைகளில் மேடைக்குக் கீழே இருந்து வாசித்தாள், பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். பிறகு நகரத்து இசைக்குழு ஒன்றில் மாற்று ஆளாகச் சேர்ந்தாள். நிரந்தரமாக இருப்பவர்களில் யாருக்காவது முதுகு பிடித்தால், பிள்ளை பிறந்தால், மாற்று ஆளைக் கூப்பிடுவார்கள். ஆள் ஒழுங்குசெய்யும் மாக்கஸ் என்பவர் போன் அடிப்பார். ஒருவர் எடுக்காவிட்டால் உடனே அடுத்தவருக்கு அடிப்பார். இரண்டு மூன்று முறை எடுக்காதவரை அவர் மறந்தே போவார். அதனால் நிலாணியின் போன் எந்த நேரமும் சத்தத்தோடுதான் இருக்கும். தன் தம்பியின் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்க, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஓகே மாக்கஸ், ஐ ஆம் ஃப்ரீ" என்று மணவறைக்குப் பக்கத்தில் நின்று கத்தியவள் அவள். வீடியோவில் தாலி கட்டுவதற்குப் பின்னால் அது தெளிவாகக் கேட்கும்.

இசைக்குழு வாசிக்கும் ஹோலுக்கு ட்ராம் மாதிரியான ஸ்ட்ரீட்கார் பிடிக்க வசதி என்று ரொறொன்ரோ நகருக்குள் பார்க்டேலில் வாடகைக்குப் போனாள். "நாங்கள் வந்திறங்கி, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து ஓடின இடம். அங்கையே திரும்பிப் போறாள் பார்," என்று சித்தப்பா தலையில் கை வைத்தார்.

அந்த இசைக்குழுவில் செலோ வாசித்த ஒருவர் ஓய்வுபெற்றார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியானது. அந்த நாற்காலி மட்டும் கிடைத்தால் சம்பளம், லீவு, சித்தப்பா சொந்தக்காரருக்குச் சொல்லக்கூடிய ஒரு வேலை, எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும்.

தேர்வுக்குப் போனாள். வாசிப்பவர் யாரென்று தெரியாமல் இருக்கத் திரை கட்டியிருப்பார்கள். காலடியை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கக்கூடாது என்று கம்பளமும் விரித்திருப்பார்கள். வாய் திறக்கக்கூடாது. முதல் தடவை யாரையும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை இறுதிச் சுற்றுவரை போனாள். அந்த இசைக்குழுவில் இறுதிச் சுற்றுக்குத் திரையை எடுத்துவிடுவார்கள். அந்த முறையும் யாரையும் எடுக்கவில்லை. அடுத்த கிழமை மாக்கஸ் போன் அடித்தார். ஆள் எடுக்காத அதே நாற்காலியில் போய் இருந்து வாசித்துவிட்டு வந்தாள்.

இந்த வசந்தத்தில் மூன்றாம் தடவை. இறுதிச் சுற்றில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். திரையை எடுத்தார்கள். வாசித்தாள். முடிவு: யாரையும் எடுக்கவில்லை.

"கலர்தான் பிள்ளை, வேறை என்ன," என்றார் சித்தப்பா. சித்தி குணவதி கண்பட்டுவிட்டது என்று நாவூறு கழித்தார்.

அன்றைக்கு வாங்கிய கொத்து ரொட்டியைக் காரிலேயே வைத்துவிட்டு நான் நேரே பார்க்டேலுக்குப் போனேன்.

"வேலையை விட்டிட்டியாம்?" என்று வாசலிலேயே கேட்டேன்.

"ஆர் சொன்னது? அண்ணா, வேலை தந்தாத்தானே விடலாம்?" என்றாள். தேத்தண்ணீர் வைத்தாள். செலோ பெட்டிக்குள் மூடிக் கிடந்தது. "அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னனான், இனிக் கூப்பிட்டாப் போகமாட்டன் எண்டு. ரொறொன்ரோ முழுக்கச் சொல்லியாச்சு போல."

"என்னடி நடந்தது?"

"போன கிழமை ரிகர்சல் இடைவேளை. எனக்குப் பக்கத்திலை இருக்கிற ஆள், நல்ல மனிசன், தேர்வு கமிட்டியிலை இருந்தவர். எனக்கு ஆறுதல் சொல்லுறாராம். 'கவலைப்படாதை நிலாணி, உன்ரை பேரை எடுத்ததும் எல்லாரும் சொன்னவை, நீ கூப்பிட்டா எப்பிடியும் வாறனீதானே, அவசரப்பட என்ன இருக்கு எண்டு' எண்டார். அண்ணா, வாசிப்பு சரியில்லை எண்டு சொல்லியிருந்தா வீட்டை வந்து இன்னும் சாதகம் செய்திருப்பன். கலர் எண்டாலும் சண்டை பிடிக்கலாம். இதுக்கு நான் என்ன செய்யிறது? நான் கூப்பிட்டா வாறதாலைதான் என்னை எடுக்கேல்லை!"

எனக்கு வந்த வார்த்தை ஒன்றும் உதவாத வார்த்தை. "நாலாம் தடவையும் வைப்பினம்தானே," என்றேன்.

"வைப்பினம். நாற்காலி வெறுமையாக் கிடந்தா வைப்பினம். நான் இருந்து நிரப்பிக்கொண்டிருந்தா ஏன் வைக்கினம்?"

"போகாமல் விட்டா உன்னை மறந்துபோவாங்கள், பிள்ளை."

"அதுவும் தெரியும்."

அப்போது போன் அடித்தது. மேசையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. மாக்கஸ் என்று எழுத்து எரிந்தது.

"எடு," என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"பேசாமல் இருங்கோ அண்ணா."

"ஒருக்கா எடுத்து, யோசிச்சுச் சொல்லுறன் எண்டாவது..."

"எடுத்தனெண்டா ஓம் எண்டுதான் சொல்லுவன். எனக்கு என்னைத் தெரியும்."

அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த வாத்தியத்தால் தடித்துப்போன விரல் நுனிகள் கதிரைத் துணியைப் பிடித்திருந்தன. அடிக்கிற சத்தம் நின்றது. அடுத்தவருக்கு அடிக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

ஆனால் திரும்பவும் அதே பெயர்தான் வந்தது. மாக்கஸ் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை அடிப்பதில்லை. நிலாணி என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.