கீரமங்கலத்தில் வாங்கிய மல்லிகை

எங்கள் டூர் பஸ் கீரமங்கலம் பூ மார்க்கெட் ஓரமாக நிற்கிறது. "பூ வாங்குறவங்க சட்டுன்னு வாங்கிட்டு வாங்க" என்கிறார் டீச்சர். நாங்கள் ப்ளஸ் ஒன் பிள்ளைகள், அரிமளத்திலிருந்து கடல் பார்க்கப் போகிறோம்.

ஆறாம் வகுப்பிலிருந்து கவிதாவும் நானும் ஒரே பெஞ்சு. கைகோத்துக்கொண்டு அலையில் நிற்பதுபோல் கணக்கு கிளாஸில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவது ஷாலினி, இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவள். இப்போது கவிதா மல்லிகை வாங்கி ஷாலினியின் சடையில் வைத்துவிடுகிறாள். இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நானும் போய்ப் பூ கேட்கிறேன். பூக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"என்ன பாப்பா, மொகம் இப்படி வாடிக் கெடக்கு? நேத்துப் பூவே தேவலை போல."

"ஒண்ணுமில்லக்கா. நீங்களே வச்சு விடுங்க."

"கூட வந்த புள்ளைக அங்கிட்டு நிக்குதே, வச்சுவிட ஆளில்லையா?"

"இல்ல."

அக்கா ஈரக்கையோடு வைத்துவிடுகிறார்.

பஸ்ஸில் ஏறியதும் கவிதா எழுந்து என்னிடம் வருகிறாள். "யாருடி இப்படிக் கோணலா வச்சது? திரும்பு." ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு பூவை எடுத்து மறுபடி வைக்கிறாள். ஷாலினி தன் சீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அவள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"மெதுவா வைடி, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறேன்.