பினாங்கில் பறிபோன பாஸ்போர்ட்டும், முருகன் அனுப்பிய சீனத்து அம்மாவும்

முருகனை நம்புகிற உங்கள் எல்லோரிடமும் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில், பினாங்கு நடுத்தெருவில், முன்பின் தெரியாத ஒருவன் கையில் என் பாஸ்போர்ட்டையும் என் தங்கை மீனாளின் பாஸ்போர்ட்டையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அவன் பிடுங்கவில்லை, மிரட்டவில்லை. சிரித்த முகமாகக் கொடுத்தேன்.

எனக்கு வயது அறுபத்திரண்டு. திருமயத்துக்குப் பக்கத்தில் ஊர். என்னை யாராலும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஊரில் பேர். புதுக்கோட்டை மார்க்கெட்டில் என் தலையைக் கண்டாலே கத்தரிக்காய்க்காரர் சொத்தையைத் தானாகவே பொறுக்கித் தள்ளிவிடுவார்.

என் மகள் உமையாளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாம் முறை தங்கியபோது, பினாங்கு வெள்ளி ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டேன். தைப்பூசம் வந்தபோது அவளுக்கு ஒன்பதாம் மாதம். நான் தயங்கினேன். “நேந்துக்கிட்டதைச் செஞ்சுட்டு வாங்க ஆத்தா. நீங்க வர்ற வரைக்கும் நான் பெத்துக்க மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாள். பூசம் முடிந்த மறுநாள் எங்களுக்கு விமானம்.

எங்கள் கூட்டத்தை அழைத்துப்போன டூர்க்காரப் பெண் பஸ்ஸிலேயே படித்துப் படித்துச் சொன்னாள். “பாஸ்போர்ட்டை யாரு கேட்டாலும் குடுக்காதீங்கம்மா. போலீஸ்னு சொன்னாலும் மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க.” எனக்கா சொல்கிறாள் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரதம் வருகிற வீதியில் மலைமலையாகத் தேங்காய் குவித்திருந்தார்கள். சீனர்களும் மஞ்சள் துணி கட்டி, பயபக்தியோடு உடைக்கக் காத்திருந்தார்கள். வாய் பார்த்துக்கொண்டே நின்றதில் நானும் மீனாளும் கூட்டத்தைவிட்டுப் பின்தங்கிவிட்டோம். அப்போதுதான் அவன் வந்தான். நெற்றி நிறைய விபூதி. நம் ஊர்த் தமிழ்.

“ஆச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களா? பேச்சைக் கேட்டாலே தெரியுது.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெளியூரில் நம் ஆளைக் கண்டால், எந்த ஊர், எந்த வீடு என்று கேட்காமல் நமக்கு இருப்புக் கொள்ளாதே! கேட்டேன். அவன் வாயைத் திறக்குமுன் நானே, “நம்ம ஊருச் செவப்பு வீட்டுப் பக்கமா? பொண்ணைக் காரைக்குடியில கட்டிக்குடுத்தாகளே, அந்த வகையா?” என்று எடுத்துக் கொடுத்தேன். “அதே வீடுதான் ஆச்சி!” என்றான். கேள்வியும் நான், விடையும் நான்.

வெளிநாட்டு பக்தர்கள் இன்று பாஸ்போர்ட்டில் கோவில் முத்திரை வாங்காவிட்டால் போலீஸ் பிடித்துவிடும் என்றான். வரிசை பெரிசு, நீங்கள் நிற்க வேண்டாம், பத்து நிமிடத்தில் வாங்கி வருகிறேன் என்றான்.

மீனாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் பக்கத்தில் அக்காளுக்கும் ஆச்சிதான். “ஆச்சி, வேண்டாம். அந்தப் பொண்ணு பஸ்ல சொல்லுச்சுல்ல?”

“அடி போடி, நம்ம ஊரு மனுசன்டி!”

அந்தச் சமயம் தேங்காய்க் குவியல் பக்கத்திலிருந்து ஒரு சீனத்து அம்மா, “மா! மா! பாஸ்போர்ட்!” என்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். இவள் எதற்கோ அடி போடுகிறாள் என்று நினைத்து, என் கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டு முதுகைக் காட்டினேன். என் பையிலிருந்த இரண்டு பாஸ்போர்ட்டும் அதற்குள் அவன் கைக்குப் போயிருந்தன.

பத்து நிமிடம் ஆனது. அரைமணி ஆனது. டூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டால், மேளச் சத்தத்தில் அவள் எடுக்கவில்லை. மீனாள் அழ ஆரம்பித்தாள். உமையாள் வலியெடுத்து ஆத்தா என்று கூப்பிடும்போது நான் இங்கே எந்தப் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பேனோ என்று புலம்பினேன்.

தூரத்தில் ரதம் தெரிந்தது. நடுத்தெருவில் கையெடுத்து நின்றேன். “முருகா, என் கெட்டிக்காரத்தனம் பூராத்தையும் நீயே வச்சுக்க. என்னைய எம்மகக்கிட்டக் கொண்டுபோய்ச் சேத்துரு!” அறுபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு நாளும் நான் அவனிடம் அழுததில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அதே சீனத்து அம்மா. அவருக்குப் பின்னால் அவர் கணவரும், மஞ்சள் சட்டைக் கோவில் தொண்டர்கள் இரண்டு பேரும். அவர்கள் நடுவில் விபூதி கலைந்து நின்றான் நம் ஊர்க்காரன்! காலையிலேயே வேறொரு குடும்பத்திடம் அவன் இப்படிக் கேட்டதை அந்த அம்மா பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். நான் முதுகைக் காட்டியதும் கோபித்துக்கொண்டு போகாமல், கணவரை அவன் பின்னாலேயே ஓடவிட்டிருக்கிறார். இதைத் தொண்டர்தான் தமிழில் எனக்குச் சொன்னார்.

அவனைப் போலீஸில் ஒப்படைக்குமுன் ஒன்றே ஒன்று கேட்டேன். “எந்த வீடுப்பா நீ?” இந்த முறை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. “போலீஸுக்கே போயிடலாங்க” என்று தொண்டரிடம் சொன்னான்.

இரண்டு பாஸ்போர்ட்டும் என் கைக்கு வந்தன. ரதம் எங்கள் எதிரில் வந்து நின்றது. அந்த அம்மா தம் குவியலிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் கையில் வைத்தார். முருகா என்று ஓங்கி அடித்தேன். சிதறிப் போனது. அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன், அவரும் அழுதார். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

நான் வீடு வந்து சேர்ந்த நான்காம் நாள் உமையாளுக்குச் சுகப்பிரசவம். ஆத்தா என்று கூப்பிட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன். பேரனுக்கு வேலன் என்று பெயர்.

டூர்ப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஊர் சொல்லி, உறவு சொல்லி யார் வந்தாலும், கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். உதவிக்கு வருகிற முகம் நம் முகமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பும் போய்விட்டது.

நீங்களும் எந்த நாட்டில் நின்றாலும் முருகனைக் கூப்பிடுங்கள். எந்த உருவத்திலாவது வந்தே தீருவான். முழுசாக நம்புங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு நம்புங்கள்.