பீரோவுக்குப் பின்னாலிருந்து மண்ணூர் மொட்டை மாடி வரை

மற்றவர்கள் இமயமலை ஏறுவார்கள். நான் போன வியாழக்கிழமை, நூறு வாட் சோலார் பேனல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாம்பரத்திலிருந்து மண்ணூருக்குப் போய் வந்தேன். இரண்டில் எது கடினம் என்று இமயமலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

போனதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பொருட்காட்சியில் நூற்றாண்டின் மிகச் சிறந்த பேச்சாளர் ஒருவரிடம் சிக்கி இந்த பேனலை வாங்கினேன். கூடவே பன்னிரண்டு வோல்ட் மேசை விசிறி ஒன்று இலவசம். எல்லாம் சரி, நான் வாடகை வீட்டுக்காரன். நாற்பது வருடத்தில் ஏழு வீடு மாறியிருக்கிறேன். ஏழிலும் மொட்டை மாடிக் கதவில் வீட்டுக்காரரின் பூட்டு. இப்போது இருக்கும் முதல் மாடி வீட்டில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகப் பால்கனிக்கு வெயில் வரும். காலை பத்து நாற்பதுக்கு வந்து பத்து ஐம்பத்தொன்றுக்குப் போய்விடும். அந்தப் பதினோரு நிமிடமும் என் விசிறி சுற்றும். நான் சக்கரவர்த்தி மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினார். பேனல் பீரோவுக்குப் பின்னால் போயிற்று.

போன வாரம் நாளிதழில் ஒரு செய்தி. சொந்தக் கூரை இல்லாதவர்களும் இன்னொருவர் கூரையில் பேனல் வைத்து, அதில் வரும் யூனிட்டைத் தங்கள் வீட்டு மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாமாம், அதற்குச் சட்டமே இருக்கிறதாம். நான் துள்ளிய துள்ளலில் கீழ்வீட்டு மின்விசிறி ஆடியது. செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்தேன். என் மனைவி கமலாவின் தங்கை அமுதாவுக்கு மண்ணூரில் சொந்த வீடும், அதன் மாடியில் சோலாரும் இருக்கிறது. அங்கே என் பேனலுக்கும் ஓர் ஓரத்தில் இடம் பிடித்து, தாம்பரத்து பில்லில் ஒரு யூனிட்டாவது குறைத்துக்காட்டுவது என்பது என் சபதம்.

"ஒரு பேனல்ல ஒரு பல்பு எரியுமா?" என்றாள் கமலா.

"எத்தனை பல்பு என்பது கேள்வியே இல்லை. இந்த ஊர் வெயிலில் நமக்கும் ஒரு பங்கு உண்டா என்பதுதான் கேள்வி" என்றேன். அவள் டிபன் டப்பாவை மூடிக் கொடுத்தாள்.

காலை ஆறே கால். ஸ்ரீபெரும்புதூர் பேருந்தில் ஏறப் போனேன். நடத்துநர் பேனலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசில் ஊதிவிட்டார். ஆகவே சுற்றுவழி. ஆறு ஐம்பதுக்கு செங்கல்பட்டு மின்சார ரயில். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பத்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். பேனலின் எடை ஏழரை கிலோ என்று அட்டையில் போட்டிருக்கிறது. ரயில்வே மேம்பாலத்தின் நாற்பதாவது படியில் அது எழுபத்தைந்து கிலோ.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரகடம் ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் பேனலைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, டிவியா?"

"சோலார்."

"ரெண்டு சீட்டு எட்த்துக்கும். அறுவது ரூபா குட்த்துடு. அதுக்கு ஜன்னலாண்ட சீட்டு போட்டுத் தரேன்."

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தொழிலாளி சிரித்தார். "எங்க கம்பெனில சைக்கிள் ஸ்டாண்டு மேலகூட இது கீது சார். வண்டி நெழல்ல நிக்குது, கரண்டும் வருது."

அவர் சொன்னது மெய்தான். ஒரகடம் சாலையின் இருபுறமும் தொழிற்சாலைக் கூரைகள் வானத்தின் பாதியை மடித்துப் பரப்பிய மாதிரி கிடந்தன. அத்தனையிலும் நீலப் பலகைகள், ஒவ்வொன்றும் என் மடியில் இருந்ததைப் போல ஐந்து மடங்கு. காலை வெயில் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு எங்கள் ஆட்டோவோடு கூடவே ஓடி வந்தது. என் பேனல் என் மடியில், துணி சுற்றி, முகம் மூடி. கொஞ்சம் துணியை விலக்கிவிட்டேன். பீரோவுக்குப் பின்னால் போன பிறகு முதல் முறையாக அதன்மேல் வெயில் பட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நூறு வாட்டும் என் தொடையில் பாய்ந்தது.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னொரு ஷேர் ஆட்டோ, மறுபடி அறுபது. அங்கிருந்து மண்ணூருக்குத் தனி ஆட்டோ, நூற்றைம்பது. அமுதாவின் வீட்டு வாசலில் இறங்கியபோது மணி ஒன்பது நாற்பது.

"இன்னா மாமா, ஊட்டுக்கு வரேன்னு சொல்லிட்டு கதவையே பேத்துக்கினு வந்துகிறீங்க?" என்றாள் அமுதா. "அதுவும் இன்னிக்கிப் பாத்து! ஊரு பூரா ஷட்டவுனு. ஒம்போதுலேருந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் கெடையாது."

மாதாந்திரப் பராமரிப்பு நாள். மின்சார யாத்திரை போனவன் மின்சாரம் இல்லாத நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சளைக்காமல், "அதனால் என்ன, மேலே உன் சோலார் ஓடுமே!" என்றேன்.

"ஓடாது மாமா. லைன்ல கரண்ட் இருந்தாதான் அதுவும் ஓடும். கம்பத்து மேல ஆள் வேல செஞ்சிக்கினு இருப்பான், நம்ம ஊட்லேருந்து கரண்ட் போயி அவன அடிச்சா இன்னா ஆவறது?"

மாடிக்குப் போனோம். ஆறு பெரிய பேனல்கள், தெற்கே பார்த்து. ஆனால் ஒன்றில்கூட நீலம் தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத் தொழிற்சாலைச் சீருடைகள், கை கால் விரித்துப் படுத்திருந்தன.

"இசக்கீ!" அமுதாவின் குரலில் மண்ணூர் ஏரியில் அலை எழும்பியிருக்கும்.

மாடி அறையிலிருந்து தூக்கக் கண்ணோடு ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம், இன்னும் மூன்று பெண்களோடு அமுதாவிடம் வாடகைக்கு இருக்கிறாள், எல்லோருக்கும் இந்த வாரம் இரவு ஷிப்ட்.

"கரண்டுதான் இல்லல்லாக்கா, அது சும்மாதான கெடக்கு?" என்றாள். "பேனலு வச்சப்போ கொடியயும் அவுத்துட்டிய. சாயங்காலம் ஷிப்டுக்கு ஈரத்தையா போட்டுட்டுப் போவ?"

"கரண்ட் இருந்தப்போ போன வாரம் யாரு காயப்போட்டது? யூனிட்டு கம்மியாச்சின்னு பேனல் வெச்சவன போன்ல போட்டுத் திட்டினேனே, அவன் பாவம் என்னை சும்மா வுடுமா?"

இசக்கி சீருடைகளைப் புரட்டிப்போட்டாள். நான் அந்த இடைவெளியில் புகுந்து, சட்டைப்பையிலிருந்த செய்தியை அரசாணை மாதிரி விரித்து நீட்டினேன். அமுதா நின்றபடியே முழுவதையும் படித்தாள். கடைசி வரியில் விரல் வைத்தாள்.

"மாமா, இது வேற மாநிலத்துல. நம்மூர்லயும் வரணும்னு சங்கத்துக்காரங்க கேட்டுக்கினு இருக்காங்கன்னு போட்டுகீது. நானும் கரண்ட் ஆபீஸ்ல விசாரிச்சுட்டுதான் வெச்சேன். என் கூரைல வர்றது என் மீட்டருக்குத்தான். உங்க தாம்பரத்து பில்லுல கழியணும்னா அதுக்கு வழி வரணும்."

தலைப்பை நான் பதினேழு முறை படித்திருந்தேன். கடைசி வரியை ஒரு முறைகூட இல்லை.

"இத்த என் பேனலோட சேக்கவும் முடியாது மாமா, சைஸ் வேற" என்று மெதுவாகச் சேர்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அடக்காமல் இருந்திருந்தால் தேவலை.

நான் பேனலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாடி அறையின் வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே மூன்று பெண்கள் தரையில் பாய் போட்டுத் தூங்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே கண்மூடிக் கிடந்தாள். கை நின்றதும் விழித்தாள், மறுபடி விசிறினாள்.

"பகல்ல ஃபேன் நின்னுட்டுன்னா எங்க தூங்க அண்ணாச்சி?" என்றாள் இசக்கி. "தூங்காமப் போனா கம்பெனி லைன்ல மெஷின் முன்னால கண்ணு சொக்கும், சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னாலயே நிப்பாரு. போன ஷட்டவுனுக்கு மறுநாள் சுமதிக்கு விரல்ல அடி."

என் பையில் விசிறி இருந்தது. அமுதாவுக்குக் காட்டிப் பெருமை அடிக்கத்தான் கொண்டு போயிருந்தேன். பேனலை மாடி நடுவில் கிழக்கே சாய்த்து இரண்டு செங்கல்லில் நிறுத்தினேன். நடுவில் வோல்ட்டைச் சீராக்கும் ஒரு சின்னப் பெட்டி, இரண்டு ஒயர், ஜன்னல் வழியாக உள்ளே விசிறி. லைனும் கம்பமும் இதற்குத் தேவையில்லை.

விசிறி ஒரு முறை முனகியது. பிறகு சுற்றியது. பதினோரு நிமிடம் ஆனது, நிற்கவில்லை. அரை மணி ஆனது, நிற்கவில்லை. காலண்டர் அட்டை அந்தப் பெண்ணின் கையிலிருந்து நழுவியது, அவள் எடுக்கவில்லை.

மதியம் கிளம்பும்போது அமுதா, "மாமா, பேனலு?" என்றாள். அவிழ்க்கலாம் என்றுதான் மாடிக்குப் போனேன். நால்வரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேனலைச் சுற்றிக் கொண்டுவந்த துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அமுதா அதற்குள் கீழே தெற்குச் சுவரோரம் கொடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மணிமங்கலம் வழியாக நேர் பேருந்து. கை காலியாக இருந்ததால் நடத்துநர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் போலத் தோன்றியது.

இதே பாதையில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பேனலோடு போவதென்றால் பேருந்தை நம்பாதீர்கள். ஷேர் ஆட்டோவில் இரண்டு சீட்டுக்குத் தயாராக ஏறுங்கள். மண்ணூரில் அன்றைக்கு ஷட்டவுன் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்கள் உறவினர் மாடியில் சோலார் வைத்தால் துணிக்கொடிக்கு இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பேனலே கொடியாகிவிடும். செய்தித்தாளைக் கடைசி வரி வரை படியுங்கள். சட்டம் எழுதும் பெரியவர்கள் யாராவது தவறி இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால்: ஐயா, அம்மா, கூரை இல்லாதவர்களும் வெயிலில்தான் நடக்கிறோம்.

நேற்று காலை எங்கள் தெருவில் ஷட்டவுன். பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது. எடுத்தால், "அண்ணாச்சி, கேளுங்க" என்றாள் இசக்கி, பிறகு பேச்சில்லை. ஃபோனை விசிறியின் முன்னால் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள் போலிருக்கிறது. உர்ரென்று ஒரே சத்தம்.

சமையலறையிலிருந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே கமலா வந்தாள். "என்னங்க சத்தம் அது?"

"நம்ம பேனல்" என்றேன்.

ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்தைக் கொஞ்சம் அருகே நீட்டினாள்.