ஸமத் நானாவின் வலது கை

தலைவர் தீர்மானத்தை இன்னும் வாசித்து முடிக்கவில்லை. முதல் வரியின் பாதியில்தான் இருக்கிறார். அதற்குள் மூலைக் கதிரையிலிருந்து அந்த வலது கை மேலே போய்விடுகிறது. கூடவே, சரி, ஆமோதிக்கிறேன் என்பதைச் சிங்களமும் இங்கிலீஷும் கலந்து சொல்லும் குரலும் வருகிறது: "ஹரி, செகண்டு."

என்ன தீர்மானம் என்று பக்கத்திலிருப்பவர் கேட்டால் அப்துல் ஸமத் நானா சங்கடப்படுவதில்லை. "வாசிக்கிறாங்கதானே, கேளுங்க" என்பார். கேட்பது மற்றவர்கள் வேலை, ஆமோதிப்பது அவர் வேலை. மாத்தளையில் எங்கள் கொக்கோ லேன் வரியிறுப்பாளர் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து, அவர் ஆமோதிக்காமல் அங்கே ஒரு தீர்மானமும் நிறைவேறியதில்லை என்கிறார்கள். எனக்கு அந்தச் சங்கத்தில் கை தூக்கும் உரிமை கிடையாது. நான் வாடகைக்கு இருப்பவன், வரி இறுப்பவன் அல்ல. வாசலோரத்து வாங்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் உரிமையை மட்டும் பெரிய மனது பண்ணித் தந்திருக்கிறார்கள். அதை நான் ஒரு மாதமும் வீணாக்கியதில்லை.

நானாவின் தொழில் பெற்றோமாக்ஸ் விளக்கு. பழுது பார்ப்பார், வாடகைக்கும் விடுவார். லேனின் நடுவில் ஒரு சின்னக் கடை. கூரையிலிருந்து விளக்குகள் தொங்கும். அவற்றுக்குக் கீழே மண்ணெண்ணெய் மணக்க மணக்க அவர் உட்கார்ந்திருப்பார். மெலிந்த உடம்பு, கட்டம் போட்ட சாரம், வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் விளக்கின் அடைப்பைக் குத்தும் ஊசி. அந்த ஊசியால் பல்லும் குத்துகிறார் என்று அவருடைய மனைவி றஸ்மியா தாத்தா (இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்) லேன் முழுக்கக் கேட்கும்படி குற்றஞ்சாட்டியிருக்கிறார். அலுவிகாரையில் வெசாக் பந்தலா, அம்மன் கோயில் தேரா, கந்தூரியா, பலாபத்வலையில் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் தெரிவா, வெளிச்சம் இவருடையதாகத்தான் இருக்கும். தேர்தல் காலத்தில் ஒரே மாலையில் பச்சைக் கொடிக்காரருக்கு ஒரு விளக்கும் சிவப்புக் கொடிக்காரருக்கு ஒரு விளக்கும் கொடுத்தனுப்பிவிட்டு, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருந்த கடையில் நிம்மதியாகப் பிளேன்டி குடித்தவர் அவர்.

விளக்கைக் கொடுத்தோம், வீட்டுக்குப் போனோம் என்று இருக்க முடியாது. பம்ப் அடிக்கத் தெரியாதவன் கையில் அகப்பட்டால் மேண்டில் வலை பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆகவே கூட்டம் முடியும்வரை பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். நானா பொதுவாழ்வுக்கு வந்தது இப்படித்தான். மற்றவர்களைப் போல ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இருக்கவில்லை. காவல் இருந்த காலத்தில் அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஒருவர் தீர்மானத்தைக் கொண்டுவந்த பிறகு, ஆமோதிக்க ஆளில்லாமல் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களே, அந்த நேரத்தில்தான் மண்ணெண்ணெய் வீணாக எரிகிறது. யாராவது கையைத் தூக்கிவிட்டால் அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். அந்த யாராவது நாமாகவே இருந்துவிட்டால் என்ன?

அப்படியும் பேச்சு நீண்டால் அவரிடம் இன்னொரு வழி இருக்கிறது. மேலே நிமிர்ந்து பார்த்து, "விளக்கு மூச்சு வாங்குது" என்பார். உண்மையாகவே வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும். பம்ப் அடித்தால் சரியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அடிக்க மாட்டார். இருட்டுக்குள் செருப்புத் தேட விரும்பாத தலைவர் அவசரமாக நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்துவிடுவார்.

ஆடுகளை லேனில் அவிழ்த்துவிடக் கூடாது என்று ஒருமுறை தீர்மானம் வந்தது, ஆமோதித்தார். ஏழைகளின் ஆட்டைக் கட்டிப்போடச் சொல்வது அநியாயம் என்று அன்றைக்கே இன்னொன்று வந்தது, அதையும் ஆமோதித்தார். கேட்டதற்கு, "ரெண்டு பேரும் நல்லதுதானே சொல்றாங்க" என்றார். லேனுக்குக் கரண்ட் வேண்டும் என்ற தீர்மானத்துக்கும் அதே கைதான் உயர்ந்தது. றஸ்மியா தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். "லேன் முழுக்கக் கரண்ட் வந்தா நீங்க விளக்க யாருக்கு வாடகைக்கி விடுவீங்க? கரண்டுக்கா?" நல்ல காலம், கரண்ட் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு கல்யாண வீட்டில், சம்மதமா என்று கேட்டபோது மாப்பிள்ளை வாயைத் திறக்குமுன் விளக்கு மூலையிலிருந்து "ஹரி, செகண்டு" வந்ததாக ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை. ஆனால் நானா அதை மறுத்ததும் இல்லை.

சங்கத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரை லெட்சுமணன் அண்ணனுடையது. ரயில்வேயில் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். மாத்தளையோடு தண்டவாளமே முடிந்துவிடுகிறது; எப்படியும் நிற்கப்போகிற ரயிலுக்குச் சிவப்புக் கொடி காட்டியே அவர் காலம் போயிற்று. அந்தப் பழக்கத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும், "நான் எதிர்க்கிறேன், எழுதிக்கங்க" என்பார். ஒருவர் கையைத் தூக்க, மற்றவர் எதிர்க்க, இருவரும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் வெற்றிலை போட்டுக்கொண்டு அத்தனை வருஷம் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்துக்கு அவர்கள் கூரை மரம் போலப் பழகிவிட்டார்கள்.

வந்தது வினை போன வருஷம். எங்கள் லேனுக்கு இருப்பது ஒரே ஒரு பொதுப் பைப். அது லேன் முனையில், ஸக்கரியா ஹாஜியாரின் சாமான் கிடங்குக்கு முன்னால் நிற்கிறது. ஹாஜியார் மிளகும் ஏலமும் வாங்கி அனுப்பும் பெரிய வியாபாரி, சங்கத்தின் தலைவர். கூட்டம் நடப்பதும் அவருடைய பழைய கொக்கோ ஸ்டோரில்தான். தேத்தண்ணியும் அதோடு கடிக்கப் பணிசும் அவர் செலவு. கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ஆனால் பைப்படியில் சேறு, பெண்களின் சண்டை, லொறியைத் திருப்ப இடமில்லை, மூட்டை நனைகிறது. பைப்பை அங்கிருந்து எடுத்து, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் வைக்கும்படி நகரசபையைக் கேட்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை வாசித்தார். அன்று நல்ல மழை. ஸ்டோரின் தகரக் கூரையில் அது கொட்டிய சத்தத்தில் பாதி கேட்கவில்லை. விளக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஹரி, செகண்டு."

லெட்சுமணன் அண்ணன் எதிர்த்தார். அவர் எதையும் எதிர்ப்பவர் என்பதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒருமுறை உறுதி செய்தால் நகரசபைக்குப் போய்விடும்.

மறுநாள் விடியுமுன் செய்தி பைப்படிக்கு வந்துவிட்டது. றஸ்மியா தாத்தா வீட்டுக்குத் திரும்பி வந்து, சத்தம் போடாமல் இரண்டு வாளிகளைப் புருஷன் முன்னால் வைத்தார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் சந்தைக்கிட்ட ஒரு பைப் ஈக்கி. இனி அங்கதானே போகணும். நீங்கதானே கைய தூக்கினீங்க, அந்தக் கையாலயே தூக்கிட்டு வாங்க."

நானா போனார். அன்று மட்டுமல்ல, தினமும் போனார். தம்புள்ளைப் பக்கமிருந்து வெங்காயமும் மிளகாயும் ஏற்றி, கண்டிச் சந்தைக்கு நேரம் பிந்திய லொறிகள் அந்த ரோட்டில் எப்படி வரும் என்று மாத்தளைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு கையிலும் வாளியோடு, சாரத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு விரலும் மிச்சமில்லாமல் அவர் அந்தப் பக்கம் நின்று தவிப்பதை நாங்கள் கடைவாசலில் நின்று பார்த்துச் சிரித்தோம். "நானா, செகண்டு சொல்லிட்டுக் குறுக்க பாயுங்க" என்று யாரோ கத்தினார்கள். ஒருநாள் பாயும்போது ஹோர்ன் சத்தத்தில் ஒரு வாளி கைநழுவி உருண்டது. லொறிச் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. தகரம் அப்பளமாகிவிட்டது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டோம். அவர் அதைக் குனிந்து எடுத்தார். அப்போது லெட்சுமணன் அண்ணனின் மனைவி சந்திரகாந்தா அக்கா, பேரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறும் குடத்தோடு லேன் முனைப் பைப்படிக்கு வந்துகொண்டிருந்தார். நானா குடத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், நசுங்கிய வாளியைப் பார்த்தார்.

"வாளிதான் போச்சு" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு விளக்கோடு அந்த வாளியும் வந்தது. விளக்கைக் கூரை வளையில் தொங்கவிட்டுவிட்டு வாளியைக் கதிரைக்கடியில் வைத்துக்கொண்டார். ஸ்டோரின் ஜன்னலுக்கு வெளியே றஸ்மியா தாத்தாவும் சந்திரகாந்தா அக்காவும் இன்னும் சில பெண்களும் நின்றார்கள். சங்கத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, வந்ததில்லை, அவ்வளவுதான். போன மாதத் தீர்மானத்தை உறுதி செய்யலாமா என்று ஹாஜியார் கேட்டபோது, ஸமத் நானா எழுந்து நின்றார். அவர் கையைத் தூக்கித்தான் பார்த்திருக்கிறோம். எழுந்து நின்று பார்த்ததில்லை.

"பைப் ஈக்கிற எடத்துலயே ஈக்கட்டும்" என்றார். "அதான் என்ட தீர்மானம்."

"போன மாசம் நீங்கதானே ஸமத் செகண்ட் பண்ணினீங்க?" என்றார் ஹாஜியார்.

"ஓம், பண்ணினேன். கேக்காமப் பண்ணினேன். இப்ப தண்ணி தூக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்." குனிந்து வாளியை எடுத்து மேசையில் வைத்தார். "இது வாளி. நாளைக்கிப் புள்ளையொன்னு போனா எங்கேந்து கொண்டாற?"

ஹாஜியார் சிறிது நேரம் வாளியைப் பார்த்துவிட்டு, விதிப்படி கேட்டார். "சரி. யாராவது செகண்ட் பண்றீங்களா?"

ஹாஜியாரின் ஸ்டோரில், ஹாஜியாரின் பணிசைத் தின்றுகொண்டு யார் கையைத் தூக்குவார்கள்? ஆமோதிக்க ஆள் தேவைப்பட்டதும், இத்தனை வருஷப் பழக்கத்தில், அத்தனை பேரும் திரும்பி மூலைக் கதிரைக்காரரையே பார்த்தார்கள். அத்தனை முகங்களைக் கண்டதும் நானாவின் கையும் தன்பாட்டில் மேலே போயிற்று.

"ஹரி, செகண்டு."

ஸ்டோர் அதிர்ந்தது. ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நானாவின் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. பாவம் மனுஷன், தூக்கிய கையை அந்நியன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஒன்று வேண்டும் என்று கேட்டதைத் தானே கெடுத்துக்கொண்டாரே.

"கொண்டுவந்த ஆளே செகண்ட் பண்ண ஏலாது ஸமத்" என்றார் ஹாஜியார், இரக்கத்தோடுதான். "வேற ஆள் இல்லாட்டி இது விழுந்த மாதிரித்தான்." பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தார். "விளக்கும் மூச்சு வாங்குது. முடிப்போமா?"

வெளிச்சம் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் குடையைத் தேடினார்கள். நானா நடுவுக்கு நடந்து போய் விளக்கைக் கழற்றினார். வழக்கம்போல வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தோம். அவர் அதை மேசையில், வாளிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு பம்ப் அடிக்கத் தொடங்கினார். அடித்தார், அடித்தார், நிறுத்தவில்லை. விளக்கு சீறிக்கொண்டு வெள்ளை வெளேரென்று எரிந்தது. அந்த ஸ்டோருக்குள் அப்படியொரு வெளிச்சத்தை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. ஒவ்வொருவர் முகமும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்களின் முகங்களும் தெரிந்தன. அவர்களுக்கும் எங்கள் முகங்கள் தெரிந்தன, அதுதான் விஷயம்.

லெட்சுமணன் அண்ணன் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். சந்திரகாந்தா அக்கா கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"நான் எதிர்க்கிறேன்" என்றார். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். "கூட்டத்த முடிக்கிறத எதிர்க்கிறேன். எழுதிக்கங்க." கசாயம் குடிப்பவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். "நானா சொன்னதுக்கு நான் செகண்டு."

பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். கடைசியாக ஹாஜியாரும் தூக்கினார். "அப்ப லொறியத் திருப்ப வேற எடம் பாக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். பைப் இன்றைக்கும் லேன் முனையில்தான் நிற்கிறது; சேற்றுக்குச் சீமெந்துத் தளம்கூடப் போட்டாகிவிட்டது. லெட்சுமணன் அண்ணன் மறுமாதமே பழையபடி எதிர்க்கத் தொடங்கிவிட்டார். ஒருமுறை ஆமோதித்ததை யாராவது ஞாபகப்படுத்தினால் கோபம் வருகிறது.

போன மாதக் கூட்டத்துக்கும் போயிருந்தேன். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேனில் நாய் வளர்ப்பது பற்றியோ எதுவோ ஒரு நீண்ட தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தார். பழக்கதோஷத்தில் எல்லாரும் மூலைக்குத் திரும்பினோம். ஸமத் நானா கழுத்தை முன்னால் நீட்டி, ஒரு காதை ஹாஜியார் பக்கம் திருப்பிக்கொண்டு, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வலது கையைக் காணோம். எட்டிப் பார்த்தேன். அதைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.